இருக்கணும்காரர் இத்வால்

"வட்டார ஒளிபரப்பின் அயராத பார்வையாளர். வேல்ஸ் மலைநாட்டின் குரலை நாள் தவறாமல் கேட்பவர்." லான்வெரின் ஊர் மன்றம் இத்வால் புரோத்தரோவுக்கு வழங்கிய பாராட்டுப் பத்திரத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறது. அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடக்கி, தொலைக்காட்சிப் பெட்டிக்கு நேர் மேலே மாட்டி வைத்திருக்கிறார். பத்திரத்தை எழுதியவர்கள் யாரும் செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அந்த வீட்டுப் பக்கம் போனதில்லை.

வாசகரே, இந்த இனத்துக்கு இருக்கணும்காரர் என்று பெயர். ஊரில் நூலகம் இருக்கணும் என்பார். உறுப்பினர் அட்டை கிடையாது. ரயில் நிலையத்தை மூடக்கூடாது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வருவார், காரில் வருவார். கடைத்தெரு என்றால் ஒரு கசாப்புக் கடை இருந்தே தீரணும் என்று கறிக்கடை கெரைன்ட்டின் வாசலில் நின்று அரைமணி நேரம் முழங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கான ஆட்டுத்தொடையை நாற்பது மைல் தள்ளியிருக்கும் பேரங்காடியில் வாங்கிக்கொண்டு வருவார். பொய்யரா? இல்லவே இல்லை. கண்கலங்கித்தான் பேசுவார். ஒன்று இருப்பதில் அவருக்கு அத்தனை பக்தி. அதைப் பயன்படுத்துவது மட்டும் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

இத்வால் ஓய்வுபெற்ற நில அளவையாளர். லான்வெரினில் ஆளுக்கு ஆள் தொழிலையோ குணத்தையோ பெயருக்கு முன்னால் ஒட்டித்தான் கூப்பிடுவார்கள். இவர் நிமிஷக்கணக்கு இத்வால். காரணம், தேசியச் செய்தி தொடங்கியதும் கையில் ஓட்டப்பந்தயக் கடிகாரத்தை எடுத்துவிடுவார். லண்டனுக்கு எத்தனை நிமிடம், மான்செஸ்டருக்கு எத்தனை, வேல்ஸுக்கு எத்தனை விநாடி. பொது ஒளிபரப்புக் கழகத்துக்குக் கடிதம் போகும்: "வியாழக்கிழமைச் செய்தியில் எங்கள் நாட்டுக்கு நாற்பது விநாடி. அதில் முப்பத்தொரு விநாடி செம்மறியாடுகள். மிச்ச ஒன்பது விநாடியில் பேசிய மனிதரும் ஆடுகளைப் பற்றித்தான் பேசினார்." வானிலை சொல்லும் பெண்ணின் முழங்கை எப்போதும் வேல்ஸின் மேலேயே நிற்கிறது, மழை பெய்யுமா என்று நாங்கள் அவர் சட்டைக் கையைப் பார்த்தா தெரிந்துகொள்வது என்று இன்னொரு கடிதம். எல்லாக் கடிதமும் ஒரே வரியில் முடியும்: நம்ம காசு, அவங்க முகம்.

நியாயம்தானே? நூற்றுக்கு நூறு நியாயம். தொலைக்காட்சி வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் வருஷாவருஷம் உரிமக் கட்டணம் கட்டுகிறது; மலையில் இருப்பவன் என்பதற்காக யாரும் ஒரு பென்னி குறைப்பதில்லை. இந்த இனத்திடம் உள்ள பெரிய தொல்லையே இதுதான். எப்போதும் நியாயத்தின் பக்கமே நிற்பார்கள்.

பதினோரு வருஷக் கடிதங்களுக்குப் பிறகு பொது ஒளிபரப்புக் கழகம் பணிந்தது. லான்வெரினில், பழைய வங்கியின் மாடியில், இரண்டு அறையில் ஒரு நிலையம். நான்கு பேர். அவர்களில் பேசுகிறவர், எழுதுகிறவர், சில நாள் கேமராவைத் தூக்குகிறவர் எல்லாமே மாரெட் வாகன் என்ற பெண். தெற்கே தலைநகர் கார்டிஃபில் நல்ல வேலையை விட்டுவிட்டு இதற்காகவே ஊர் திரும்பியவர். வாரம் ஒருமுறை, செவ்வாய் எட்டு மணிக்கு, 'மலைப்பக்கம்' என்று அரைமணி நேரம். இருபத்துநான்கு வாரம் ஓடட்டும், பார்க்க ஆளிருந்தால் தொடரும், இல்லாவிட்டால் நிலையத்தை மூடுவோம் என்பது ஏற்பாடு. கழகமும் லேசுப்பட்டதல்ல. அதே எட்டு மணிக்கு, தன்னுடைய முதல் அலைவரிசையில், நாட்டிலேயே அதிகம் பேர் பார்க்கிற நிகழ்ச்சியை வைத்திருந்தது: ஓய்வுபெற்ற இங்கிலாந்துத் தம்பதிகள் ஸ்பெயினில் வீடு தேடுவார்கள். அரைமணி நேரம் தேடுவார்கள். பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.

முதல் மூன்று வாரம் இத்வால் 'மலைப்பக்கம்' பார்த்தார். பார்த்தார் என்பதைவிடத் திருத்தினார் என்று சொல்லலாம். முதல் வாரம் ஆடுகள் அதிகம் என்று எழுதினார். இரண்டாம் வாரம் ஆடே இல்லை, ஆட்டைக் காட்ட நமக்கென்ன வெட்கமா என்று எழுதினார். மூன்றாம் வாரம், மாரெட்டின் பேச்சில் தெற்கத்தி வாடை அடிக்கிறது, கார்டிஃபில் இருந்ததால் வந்த கெடுதல் என்று எழுதினார்.

அந்த மாதத்தில்தான் பார்வையாளர் அளவைக் கம்பெனியிலிருந்து இத்வால் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். எந்த வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, தொலைக்காட்சியோடு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை இணைத்துவிடுவார்கள். பார்க்க உட்காருகிறவர் தன் எண்ணை அமுக்க வேண்டும். இத்வால் ஒன்று, அவர் மனைவி நெஸ்டா இரண்டு. வெளியில் சொல்லக்கூடாது என்று கையெழுத்து. வீட்டில் யாராவது ஒளிபரப்புத் துறையில் வேலை செய்கிறார்களா என்று படிவம் கேட்டது; இல்லை என்று எழுதினார். ஒளிபரப்புத் துறைக்கே வேலை வைக்கிறவர் என்றொரு கட்டம் அதில் இல்லை.

நான்காவது செவ்வாய். எட்டு மணி. இத்வால் ஒன்றை அமுக்கினார், முதல் அலைவரிசையைப் போட்டார்.

"நம்ம நிகழ்ச்சி ஆரம்பிச்சிருக்குமே, இத்வால்," என்றார் நெஸ்டா, பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது எங்க ஓடிப்போகப்போகுது? எதிரி என்ன காட்டறான்னு யாராவது ஒருத்தன் பார்க்க வேணாமா?"

அன்றைக்கு எதிரி என்பது லெஸ்டரிலிருந்து வந்த ஒரு பல் வைத்தியரும் அவர் மனைவியும். மூன்று வீடு பார்த்தார்கள். மூன்றாவதில் நீச்சல் குளம் இருந்தது, சமையலறை சின்னது. எதற்கு நம் கட்டணத்தில் இந்த ஆளுக்குக் குளம் பார்க்க வேண்டும் என்று இத்வால் முதல் பத்து நிமிடம் கொதித்தார். அடுத்த பத்து நிமிடம் இரண்டாவது வீடுதான் தோது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர்கள் எதையும் வாங்காமல் விமானம் ஏறியபோது அவருக்கு உண்மையாகவே மனசு கஷ்டப்பட்டது. அடுத்த செவ்வாயும் வேவு பார்த்தார். அதற்கடுத்த செவ்வாயும். ஏழாவது வாரத்தில், வேவுக்குப் பக்கத்துணையாக ஒரு தட்டில் பாராப்ரித் என்ற உலர்பழ ரொட்டியும் வெண்ணெயும் வந்துவிட்டன.

"நீ திட்டறது அந்தக் கறுப்புப் பெட்டிக்குக் கேக்குமா?" என்று நெஸ்டா ஒருநாள் கேட்டார்.

"கேக்காது."

"அப்ப நீ ரசிச்சுப் பார்க்கறேன்னுதானே எழுதிக்கும்?"

"அது புள்ளிவிவரம், நெஸ்டா. அதுல ஒரு வீடு எந்த மூலைக்கு?"

ஒரே ஒரு முளையை நட்டு, அதை வைத்து ஒரு மலையையே அளந்து முப்பது வருஷம் சம்பளம் வாங்கிய மனிதர் சொன்ன வார்த்தை இது.

பதினேழாவது வாரம் மாரெட் அவரைத் தபால் நிலையத்து வாசலில் பிடித்தார். பார்க்கிறவர் எண்ணிக்கை மோசமாக இருக்கிறது, நீங்கள் நடத்துகிற பார்வையாளர் உரிமைச் சங்கத்தில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்களே, கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டார். இத்வால் உருகிப் போனார். மாரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "நிகழ்ச்சி இருக்கணும்மா. என் உயிர் இருக்கற வரைக்கும் இருக்கணும்," என்றார்.

"இருக்குங்க சார். பார்க்கத்தான் ஆளில்ல. போன வாரம் எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப உணர்ச்சிகரமா இருந்துச்சு."

"போன வாரம் அணையில மதகு ரிப்பேர் பத்திங்க."

இந்த இனம் இப்படிச் சந்தில் மாட்டினால் தடுமாறும் என்று நினைத்தீர்களா? "தண்ணி நமக்கு உணர்ச்சிகரமான விஷயம் இல்லையாம்மா? நம்ம பள்ளத்தாக்கையெல்லாம் முழுகடிச்சுத்தானே இங்கிலீஷ்காரன் ஊருக்குக் குழாய் போட்டான்," என்றார். மாரெட் கேமராவைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

இருபத்துநான்கு வாரம் முடிந்ததும், நிலையத்தை மூடுவதாக அறிவிப்பு வந்தது. இத்வால் இளமை திரும்பினவர்போல ஆனார். சனிக்கிழமை மதியம் தேவாலயத்தின் பக்கத்துக் கூடத்தில் கண்டனக் கூட்டம். அத்தனை கூட்டத்தை அந்தக் கூடம் கண்டு வெகுநாளாயிற்று. 'மலைப்பக்க'த்துக்கு அதில் கால்வாசி இருந்திருந்தால் போதும். ஆளுக்கு ஆள் பேசினார்கள். கறிக்கடை கெரைன்ட் மட்டும், தான் அதைப் பார்த்ததில்லை, அந்த நேரத்தில் கால்பந்து இருக்கும் என்று எழுந்து சொன்னார். பண்பாடில்லாத மனிதன் என்று கூட்டம் முகம் சுளித்தது.

கழகத்திலிருந்து டெலித் பியூ என்ற பெண் அதிகாரி வந்திருந்தார். இத்வால் மேடையிலிருந்து விரலை நீட்டிக் கேட்டார்: "யாரைக் கேட்டு இந்தக் கணக்கு எடுத்தீங்க? இங்க உட்கார்ந்திருக்கற இத்தனை பேரையும் கேட்டீங்களா?"

அந்த அம்மாள் பாவம், களைத்திருந்தார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார். "இந்த மலைப்பகுதி மொத்தத்துக்கும் அளவை வீடு ஒண்ணே ஒண்ணுதாங்க. அந்த வீட்டுல நாலாவது வாரத்துலேர்ந்து இதை யாரும் போடவே இல்ல. நாங்க என்ன செய்யறது?"

இத்வாலுக்குத் தன் வீட்டுக் கறுப்புப் பெட்டி நினைவுக்கு வந்ததா? வந்தது. ஆனால் அது வேறு கணக்கில் வந்தது. தன்னுடையது எதிரியைக் கண்காணித்த வீடு; இந்த அம்மாள் சொல்வது வேறெங்கோ ஒரு சோம்பேறி வீடு. மனசு இந்த வரப்பை ஒரே நொடியில் போட்டுவிட்டது. நில அளவையாளர் அல்லவா? அவர் குரல் நடுங்கியது. நடிப்பு அதில் துளியும் கிடையாது.

"ஒரு வீட்டுக்காரனோட அலட்சியத்துக்காக ஒரு பள்ளத்தாக்கே ஊமையாகணுமா? அந்த ஆள் பேரைச் சொல்லுங்க. அவனை நாங்க கேட்டுக்கறோம்."

கூடம் கைதட்டியது. கடைசி வரிசையில் மாரெட் தட்டவில்லை. முதல் வரிசையில் நெஸ்டாவும் தட்டவில்லை. எழுந்து போய், கணவர் முன்னால் கோப்பையை வைத்தார்.

"டீ ஆறுது, இத்வால். உக்காரு."

நிலையம் மூடியாயிற்று. மாரெட் இப்போது மாவட்ட அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறார். எந்தத் தெருவுக்கு எந்த நாள் குப்பை வண்டி வரும் என்று சொல்கிறார். மற்ற மூவரில் இருவர் கார்டிஃபுக்கே போய்விட்டார்கள். ஊர் மன்றம் இத்வாலுக்கு இன்னொரு பத்திரம் கொடுப்பது பற்றி யோசிக்கிறது. 'மலைப்பக்கம்' திரும்ப வரணும் என்று அவர் தொடங்கியிருக்கும் மனுவில் இதுவரை தொள்ளாயிரம் கையெழுத்து.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் தெருவில் மூடப்போவதாகச் சொன்ன நூலகத்துக்காக நீங்களும் எங்கோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நம் மொழியில் நல்லதாக நாலு நிகழ்ச்சி இல்லையே என்று போன வாரம்கூட யாரிடமோ அலுத்துக்கொண்டிருப்பீர்கள். அப்போது பின்னால் எந்த அலைவரிசை ஓடிக்கொண்டிருந்தது என்று உங்கள் வீட்டில் யாரும் கேட்காமல் இருந்தால், அது அவர்களுடைய நல்ல மனசு.

இத்வால் புரோத்தரோ 'மலைப்பக்கம்' நிகழ்ச்சியை மூன்று வாரம் பார்த்தார். மீதி இருபத்தொரு செவ்வாய்க்கிழமையும் எட்டு மணிக்கு ஒன்றாம் எண்ணை அமுக்கிவிட்டு, ஸ்பெயினில் வீடு தேடுகிறவர்களைப் பார்த்தார்.