பதினெட்டு புள்ளி நான்கு

வேதியியல் ஆய்வகத்தின் வாசலில் நீண்ட வரிசை. சோதனை செய்ய அல்ல. சொட்டுச் சித்தரைத் தரிசிக்க.

சித்தர் அங்கே உதவியாளர். வருடம் முழுக்கக் குடுவை கழுவுவார். செய்முறைத் தேர்வு நெருங்கினால் ஞானம் வந்துவிடும். மாணவரின் பியூரெட்டை, அந்த அளவுக் கண்ணாடிக் குழாயை, தொட்டுக் கண்ணை மூடுவார். "பதினெட்டு புள்ளி நாலு" என்பார். குடுவையிலுள்ள அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், சரியாக அத்தனை மில்லி இறங்கியதும் இளஞ்சிவப்பு! காணிக்கை ஒரு மாத ரீசார்ஜ். ஞானிகளுக்கும் டேட்டா தீருமே.

தையல்கார அம்மா மகளை இழுத்து வந்திருந்தார். மகள் போன வருடம் இதே செய்முறையில் தோற்றவள். அப்போதும் சித்தர்தான் எண் சொன்னார். தோற்றதற்குக் காரணமும் அவரே சொன்னார்: "நம்பிக்கை பத்தலம்மா." அதனால் இம்முறை இரண்டு மாத ரீசார்ஜ்.

"அவர் கை வைக்கலேன்னா நாளைக்குப் பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வந்து மெஷின்ல உட்காரு."

மகள் முதுகைத் திருப்பிக்கொண்டு அமிலத்தைக் குடுவையில் அளந்து விட்டாள். நிறங்காட்டி இரண்டு துளி. நோட்டில் எதையோ எழுதிக் கவிழ்த்து வைத்தாள்.

"தொடுங்கண்ணே."

தொட்டார். மூடினார். "பதினெட்டு புள்ளி நாலு."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

"பியூரெட்டே சொல்லுது பாப்பா!"

குழாயைத் திறந்தாள். ஐந்து. எட்டு. ஒன்பது. ஒன்பது புள்ளி இரண்டில் குடுவை சிவந்துவிட்டது.

சித்தர் அசரவில்லை. "மனசுல சந்தேகம் வச்சுக்கிட்டு விட்டா பியூரெட் கோவிச்சுக்கும்."

வரிசை தலையாட்டியது. கண்ணாடிக் குழாய்க்குக் கோபம் எப்படி வரும் என்று அறிவியல் பிரிவில் ஒருவரும் கேட்கவில்லை.

மகள் நோட்டைத் திருப்பினாள். அதில் 9.2.

"இருபது மில்லி எடுக்கிற இடத்துல பத்துதாம்மா எடுத்தேன். பாதி அமிலத்துக்குப் பாதி காரம், எல்லாருக்கும் சொன்ன பதினெட்டு புள்ளி நாலுல பாதி. எல்லாம் தெரிஞ்ச பியூரெட்டுக்கு இது தெரியலையே?"

"அப்ப மத்தவங்களுக்கெல்லாம் சரியா வந்துச்சே?" என்றார் அம்மா.

"காலைல அமிலம், காரம் ரெண்டு பாட்டிலையும் கரைச்சு வைக்கிறது யாரு? கதவைச் சாத்திக்கிட்டு முதல்ல செஞ்சு பார்க்குறது யாரு? போன வருஷம் வெளியிலேர்ந்து பரீட்சை நடத்த வந்தவங்க பாட்டிலை மாத்திட்டாங்க. நான் குடுவையைப் பார்க்காம இவரு சொன்னதை எழுதினேன்."

அம்மா சித்தர் பக்கம் திரும்பினார். "நம்பிக்கை பத்தலைன்னீங்களேய்யா! ஒரு வருஷம் போச்சே என் பொண்ணுக்கு!"

சித்தருக்குத் திடீரென்று கழுவ வேண்டிய குடுவைகள் ஞாபகம் வந்தன.

அம்மா மகளின் தோளைத் தட்டினார். "நாளைக்கு நீயே பார்த்து எழுது."

வரிசை மட்டும் கலையவில்லை. மகள் பக்கம் நகர்ந்து நின்றது.

"அக்கா, அப்ப நாளைக்கு என்ன எண் வரும்னு நீங்களே சொல்லிடுங்களேன்!"

"கண்ணை மூடினவரை இவ்வளவு நாள் நம்பினீங்க. நாளைக்கு ஒரு நாள் உங்க கண்ணைத் திறந்து பாருங்க."