சம்பந்தியின் பல் செட்டும் அறுநூற்றுப் பதினோரு விருப்பங்களும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதக் கை வருகிறது, மனம் வரவில்லை. கெடுத்தவனே நலம் விசாரிப்பது அழகல்ல. இங்கே என் மனைவி நலம். நான் நலமாக இருக்கத் தகுதியில்லாதவன் என்று அவள் சொல்வதால் அதைப் பற்றி எழுதவில்லை.

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் தங்கள் கிளினிக்கில் இருக்கும் பெண்தான் எடுத்தாள். "டாக்டர் பேஷண்ட்டோட இருக்கார்" என்றாள். வாரம் முழுக்க ஒரு பேஷண்ட்டும் வரவில்லை என்று என் மகள் முந்தின நாள்தான் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். எனவே இந்தக் கடிதம்.

நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆனாலும் குற்றம் செய்தவன் தன் வாயால் முழுதாகச் சொல்ல வேண்டும் என்பது என் மனைவியின் உத்தரவு. போன மாதம் தங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒருநாள் காலையில் தாழ்ப்பாள் போடாத குளியலறைக் கதவைத் தள்ளினேன். தாங்கள் கண்ணாடி முன் நின்றிருந்தீர்கள். தங்கள் முப்பத்திரண்டு பற்களும் தனியே ஒரு டம்ளருக்குள் சிரித்துக்கொண்டிருந்தன. முப்பத்தைந்து வருடமாக ஊருக்கே பல் பார்க்கும் டாக்டருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, தாங்களாகவே சொன்னீர்கள். "எனக்கு அந்த நாற்காலில உட்காரப் பயம் சம்பந்தி. வலி வந்தப்பல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். மொத்தமாப் போச்சு" என்றீர்கள். சம்பந்தியம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்." நானும், "முப்பத்தோரு வருஷம் ரகசியக் கோப்புப் பிரிவுல வேலை பாத்தவன் நான், என் வாயிலிருந்து ஒரு சொல் வராது" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். வாயிலிருந்து வரவில்லைதான். விரல் வழியாக வந்துவிட்டது.

தங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்குப் போனில் என் சமூக வலைதளப் பக்கத்தில் நாலு நல்ல வார்த்தை எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இது சத்தியம். "கைராசிக்காரர், பண்பாளர்" என்று எழுதிப் பார்த்தால் யாரோ தேர்தலில் நிற்கிற மாதிரி இருந்தது. உயிரோட்டமாக ஏதாவது வேண்டுமே என்று யோசித்து, "தன் பற்கள் அனைத்தையும் இழந்த பின்னும் பிறர் பற்களைக் காக்கும் தியாகச் செம்மல்" என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. பக்கத்தில் சின்னதாக ஓர் உலக உருண்டைப் படம் இருந்தது. அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தமாம். இதைச் சொன்ன என் மகள், "அப்பா, சொந்தக்காரங்க பாக்கறதே தப்பு. நீங்க ஊரையே கூட்டி வச்சிருக்கீங்க. உடனே எடுங்க" என்று கத்தினாள். அப்போது காலை மணி பத்து.

அன்று மாலை தங்களுக்குப் போன் செய்து, "சார்ஜ் இல்லாம போன் அணைஞ்சுபோச்சு சம்பந்தி, இல்லாட்டி காலையிலேயே எடுத்திருப்பேன்" என்று சொன்னேன் அல்லவா? தாங்களும் "பரவாயில்லை" என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டீர்கள். அது பொய் சம்பந்தி. போனில் தொண்ணூறு சதவீதம் சார்ஜ் இருந்தது. இதுநாள் வரை நான் எழுதிய எதற்கும் மூன்று பேருக்கு மேல் விருப்பம் போட்டதில்லை. அதில் ஒருத்தி என் மனைவி, ஒருவன் நானே, இன்னொன்று ஒரு செருப்புக் கடை. அன்றைக்குப் பத்து மணிக்கே நூற்று இருபது. மகளிடம், "ஒருத்தரைப் பாராட்டக்கூட இந்த நாட்டுல உரிமை இல்லையா, கருத்துச் சுதந்திரம்னு ஒண்ணு இருக்கும்மா" என்று அரைமணி நேரம் பேசினேன். பேசும்போதே கண் எண்ணிக்கை மேல்தான் இருந்தது. ஐந்நூறு வந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்நூறு வந்தபோது அறுநூறு பக்கத்தில்தானே இருக்கிறது என்று தோன்றியது. நாலு மணிக்கு எடுத்தேன். அறுநூற்றுப் பதினொன்று. அதற்குள் எவனோ அதைப் படம் பிடித்து, "தனக்கே பல் இல்லாதவர் நமக்குப் பல் பார்க்கிறாராம்" என்று எழுதிப் பரப்பிவிட்டான். மாப்பிள்ளைக்கே அப்பாவின் பல் விஷயம் அலுவலகத்துச் சாப்பாட்டு மேசையில் யாரோ ஒருவன் போனைக் காட்டியபோதுதான் தெரிந்ததாம்.

பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அந்தப் படத்தை நீக்கக் கோரி அந்தத் தளத்துக்குப் புகார் கொடுத்தேன். இரண்டே நிமிடத்தில், "இது எங்கள் விதிமுறைகளை மீறவில்லை" என்று பதில் வந்தது. நாற்பது முறை புகார் செய்தேன். நாற்பத்தோராவது முறை, தொல்லை கொடுக்கிறேன் என்று என் கணக்கை ஒருநாள் முடக்கினார்கள். உடனே கிளம்பிக் காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே இணையப் புகார்களை வாங்கும் அதிகாரி ஒரு கையால் கன்னத்தைத் தாங்கியபடி எழுத ஆரம்பித்தார்.

"புகார்தாரர் யாரு?"

"நான்தான் சார்."

"எதிராளி?"

"அதுவும் நான்தான். ரகசியத்தை வெளியில விட்டது நான். பரப்பினவன் யாருன்னு தெரியாது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க எழுதினது பொய்யா?"

"உண்மை சார். பல் பிடுங்கற நாற்காலில உட்காரப் பயந்தே எல்லாப் பல்லையும் விட்டுட்டார்."

"பொய்யா இருந்தா மறுத்து ஒரு வரி போடலாம். உண்மைக்கு என்னத்தைப் போடறது? பாதிக்கப்பட்டவர் வந்து எழுதிக் கொடுக்கட்டும், பாக்கலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த டாக்டர் எந்தப் பக்கம் இருக்கார்? கடைவாய்ப் பல்லு ஒரு வாரமா உயிரை எடுக்குது. பயந்தவர்கிட்ட போனாத்தான் நம்ம பயம் அவருக்குப் புரியும்" என்றார். முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதுவும் தங்களைக் கேட்காமல் செய்ததுதான் என்று வாசற்படி இறங்கும்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து, பரிகாரமாக என் அவமானம் ஒன்றை நானே உலகுக்கு எழுதப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமலே கேட்டாள். "எதை? மூணு தடவை பதவி உயர்வுப் பரீட்சையில ஃபெயிலானதையா? இருபத்தெட்டு வருஷமா எங்க அம்மாகிட்ட, உங்க தங்கச்சிகிட்ட, பெத்த பொண்ணுகிட்டகூட நான் மூச்சு விட்டதில்ல. நீங்க வேண்டாம்னு ஒரு தடவை சொன்னீங்க, அவ்வளவுதான். எனக்கு யாரும் விருப்பம் போடல." பிறகு குழாயை மூடினாள். "இப்ப நீங்க எழுதப் போறதும் அதுக்குத்தானே?" என்றாள். இருபத்தெட்டு வருடமாக அவள் காத்ததை நான் ஒருநாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. தாங்கள் நம்பிக் கொடுத்த ஒன்றை என்னால் ஒரு மாதம் வைத்திருக்க முடியவில்லை.

எனவே எழுதவில்லை. என் கணக்கை மூடிவிட்டு, போனையும் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். தாங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். என் மகளை மட்டும் இதற்காக ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். அவள் எச்சரித்தாள், கேட்காதவன் நான். இனி தங்கள் வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வரச் சொல்லும்வரை வெளியே நிற்பேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசி சொல்லும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை, என் மனைவி தன் ஆசியை அனுப்புகிறாள்.

தலைகுனிந்து நிற்கும்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் கூப்பிட்டாள். நேற்று தங்கள் கிளினிக்கில் வாயைத் திறக்க மாட்டேன் என்று அழுத ஒரு சிறுமிக்குத் தாங்கள் பல் செட்டைக் கழற்றிக் காட்டினீர்களாமே! "எனக்கும் பயம்தான் பாப்பா. பயந்து ஓடி, எல்லாம் போச்சு. நீ ஓடாதே" என்று பொக்கை வாயோடு சொன்னீர்களாம். அவள் சிரித்து வாயைத் திறந்தாளாம். அந்தச் சிறுமியின் அம்மா தங்களிடம் அனுமதி கேட்டு அதைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். ஒன்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள், இன்று கிளினிக்கில் உட்கார இடமில்லை என்றாள். மனைவியிடம் போனை வாங்கிப் பார்த்தேன். பார்ப்பதற்காக மட்டும்தான் கணக்கைத் திரும்பத் திறந்தேன். அழுதுவிட்டேன் சம்பந்தி. அழுத வேகத்தில் கீழே, "இவரை முதன்முதலில் உலகுக்கு அறிமுகப்படுத்தியவன் நானே" என்று எழுதிவிட்டேன். மனைவி பின்னால் நிற்கிறாள். கட்டாயம் நீக்கிவிடுவேன். இப்போதுதான் நாற்பது விருப்பம் ஆகியிருக்கிறது, ஐம்பது வந்ததும்...