ஆறு கிலோவுக்குள்

எடை மெஷினின் முள் ஒன்பதைத் தாண்டி நின்றது. லிஃப்ட் மெக்கானிக் மலையேற்றப் பையை இறக்கிவைத்துவிட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை ரம்பத்தால் அறுத்தார்.

"அதுல எவ்வளவு குறைஞ்சிடும்?" கட்டிலில் சாய்ந்தபடி மனைவி கேட்டாள்.

"சிறு துளி பெருவெள்ளம்."

"வெள்ளத்துல பல்லு போயிடப் போகுது."

சொல்லி வைத்த மாதிரி, மறுநாள் காலை ஈறு கிழிந்து ரத்தம் வந்தது.

இந்தச் சனிக்கிழமை கிளம்புவது, கல்யாணமான புதிதில் இருவரும் ஏறிய அதே மலைக்கு. அன்றைய பை முரட்டுக் கேன்வாஸ். இரும்புச் சட்டம், மண்ணெண்ணெய் ஸ்டவ், கம்பளி எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டு கிலோ. அடுத்த முறை நைலானும் அலுமினியமும் வந்து பதினாலானது. பிறகு பிள்ளைகள், வேலை. பை பரணுக்குப் போனது. இப்போது கைக்குட்டை மாதிரி மடியும் கூடாரங்களின் காலம்.

"இதுல முக்கால் கிலோ குறையும்," என்றாள் கடைக்காரம்மா. "ஆனா சார், உங்க உடம்புக்குப் பதினஞ்சு கிலோகூடத் தூக்கலாமே?"

"ஆறு. அதுக்கு மேல ஒரு கிராம் கூடாது."

வாங்கிவந்த கூடாரத்தை மொட்டைமாடியில் விரித்துப் பார்த்தார். காற்று அதைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் அறைந்து கிழித்தது. பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். குறைத்த எடையில் பாதி திரும்பி வந்தது.

"புதுசுக்கு இத்தனை கட்டா?" என்றாள் மனைவி. "ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கலாம்."

ஸ்டவ்வையாவது குறைப்போம் என்று குளிர்பான டின்னில் ஓர் அடுப்பு செய்தார். அது சமையலறைத் திரையைப் பொசுக்கியது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை. நிற்கும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு அடுப்பைக் குப்பையில் போட்டார்.

"அடுப்பே வேணாம். ரொட்டி போதும்."

மாற்றுத்துணியையும் தன் போர்வையையும் வெளியே எடுத்தார்.

"உங்களுக்குக் குளிருமே?"

"குளிராது."

சனிக்கிழமை காலை முள் ஆறில் நின்றது. அவர் பையின் பக்கத்திலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தினமும் ஊசி போட வரும் நர்ஸ், மனைவியைத் தாங்கிப் பிடித்து மெஷின் மேல் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"முப்பத்தேழு கிலோ, சார். பையை நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கிட்டீங்கன்னா, முதுகுல அம்மாவைத் தூக்கிட்டு ஏறிடலாம்."