மூக்கையா அண்ணாச்சி கார்டு தேய்த்த மரம்

ஒரு காட்டில், அதாவது மர உச்சிக்கு ஏறினால் மட்டும் டவர் கிடைக்கும் ஒரு காட்டில், மூக்கையா என்றொரு கரடி தேன் கடை வைத்திருந்தார். ஓடைக்குப் போகும் வழியில், பெரிய வேங்கை மரத்தடியில் கடை. ஏழு பானை மலைத்தேன், அளந்து ஊற்ற ஒரு மூங்கில் குழாய், கல்லாவுக்கு ஓர் ஓலைப்பெட்டி. அந்தக் காட்டில் காசு என்றால் நெல்லிக்காய். ஒரு குழாய்த் தேன் பத்து நெல்லிக்காய். சொந்த மச்சான் வந்து கேட்டாலும் பத்துதான்.

மூக்கையா நல்ல மனுஷன் என்று எல்லா விலங்குகளும் சொல்லும். கரடியைப் போய் மனுஷன் என்பதா என்று கேட்காதீர்கள், அந்தச் சொல்லைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்ட அப்பாவிக் காடு அது. அளவில் குறைக்க மாட்டார். தேனில் வெல்லப்பாகு கலக்க மாட்டார். பொய் வாயில் வராது. பழக்கம் என்று பார்த்தால் ஒன்றுதான்: வியாபாரம் மந்தமான நேரத்தில் வேங்கை மரத்தில் முதுகைத் தேய்த்தபடி கண்ணை மூடி நிற்பார். "மரந்தான் தேயுது, முதுகு தேய மாட்டேங்குதே" என்பாள் அவர் மனைவி பேச்சி.

முன்பெல்லாம் தேனை அவரேதான் எடுத்தார். செங்குத்துப் பாறை, நடுவில் தேனடை, கீழே பார்த்தால் ஓடை நூல் மாதிரி தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்து விழுந்தவர் பிழைத்ததே பெரிய விஷயம். இடது கால் அதற்குப் பிறகு நேராகவே இல்லை. அன்று முதல் இளவட்டக் கரடிகளுக்கு நெல்லிக்காய் கொடுத்துத் தேனை வாங்கி விற்றார். கடை ஓடினால் நெல்லிக்காய், நெல்லிக்காய் இருந்தால் தேன். கடை படுத்துவிட்டால் மறுபடியும் அந்தப் பாறை. அந்தப் பக்கம் போக நேர்ந்தாலும் பாறையைப் பார்க்காமல்தான் நடப்பார்.

இந்த நிலையில்தான் எதிர்ப்பக்கம் கொம்பையா என்ற குரங்கு ஒரு தேன் கடை திறந்தான். தேன் சுமார்தான். ஆனால் வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'இங்கே கார்டு தேய்க்கப்படும்.'

கார்டைக் காட்டுக்குக் கொண்டுவந்தவன் தினகர் என்ற முயல். கழுத்தில் டை, கையில் ஒரு கட்டு விண்ணப்பம், காதில் ப்ளூடூத். காது பெரிசு என்பதால் ப்ளூடூத் அடிக்கடி உள்ளே போய்விடும், தலைகீழாகக் குலுக்கி எடுப்பான். மாதத்துக்கு நூறு கார்டு தள்ளவில்லை என்றால் வேலை போய்விடும் என்பதால் எதிரில் வந்த எல்லோரையும் "சார்" என்றான். காட்டில் அதுவரை யாரும் ஓணானை "சார்" என்று கூப்பிட்டதில்லை. ஓணான் அங்கேயே கையெழுத்துப் போட்டது.

மற்றவர்கள் அப்படி அவசரப்படவில்லை, நன்றாக ஆராய்ந்துதான் எடுத்தார்கள். ஊர்ப் பெரியவரான யானை அம்பலவாணர் எடுத்த கார்டுக்கு, நாரைகள் பறக்கக் கிளம்பும் ஏரிக்கரை ஓய்வறையில் நுழைவு இலவசம். "நீங்க பறக்கவா போறீங்க?" என்று யாரோ கேட்டதற்கு, "அவசரம்னு ஒண்ணு வந்தா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். 'ஆயுள் முழுக்கக் கட்டணம் இல்லை' என்ற கார்டை ஆமை எடுத்தது, அன்றோடு கம்பெனி அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. மயில் நிறம் பார்த்து எடுத்தது. முள்ளம்பன்றி எடுத்தது தொடாமலே பணம் கட்டும் கார்டு. தன்னை யாரும் தொடாததை ஒரு வசதியாக மதித்த முதல் கம்பெனி இதுதான் என்று சொல்லி அது கண் கலங்கியது. தேன் எங்கே நன்றாக இருக்கும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

பத்தே நாளில் மூக்கையா கடை ஈயாடியது. தேன் கடையில் ஈயாடினால் நல்லதுதானே என்று பேச்சிகூட முதலில் நினைத்தாள். ஈ மட்டும்தான் வந்தது. அம்பலவாணரே இந்தப் பக்கம் பார்க்காமல் எதிர்க்கடைக்குப் போனார். ஒருநாள் மனசு கேட்காமல் மூக்கையா அவரை மறித்தே விட்டார்.

"ஐயா, நம்ம தேன்ல எதுவும் குறையிருக்கா?"

"சேச்சே, உன் தேனுக்கு என்னப்பா? நீ கார்டு தேய்க்க மாட்டேங்கிறியே. தேய்ச்சா எனக்குப் பாயிண்ட் ஏறும்."

"பாயிண்ட்டுன்னா?"

"அது ஏறும்" என்றார் அம்பலவாணர். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

அன்று முழுக்க மூக்கையா எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொம்பையா கார்டை வாங்குகிறான். ஏதோ ஒரு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறான். டவருக்காகக் கிடுகிடுவென்று மரத்தில் ஏறுகிறான். உச்சியில், இலை மறைவில், கையை மேலும் கீழும் ஆட்டித் தேய்க்கிறான். இறங்கி வந்து கார்டைத் திருப்பிக் கொடுக்கிறான். வாங்கியவர் தேனோடு போகிறார்.

மூக்கையாவுக்குப் பொறி தட்டியது. "ஏ பேச்சி! இவ்வளவுதானா! மரத்துல தேய்க்கணுமாம். இருபது வருஷமா நான் வேற என்னத்தச் செஞ்சுக்கிட்டிருக்கேன்?"

"நெல்லிக்காய் யார் குடுப்பா?" என்று கேட்டாள் பேச்சி.

"கம்பெனி மாசக் கடைசியில மொத்தமாப் போட்டுருமாம். கொம்பையாவே யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தான்."

மறுநாள் காலையில் வேங்கை மரத்தில் பலகை தொங்கியது: 'இங்கும் கார்டு தேய்க்கப்படும். நன்றாகத் தேய்க்கப்படும்.'

முதல் ஆளாக வந்தவர் அம்பலவாணர். மூக்கையா கார்டை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, வேங்கைப் பட்டையில் முன்பக்கம் பத்துத் தரம், பின்பக்கம் பத்துத் தரம் தேய்த்தார். அப்புறம் திருப்தி இல்லாமல் ஓரங்களையும் ஒரு தேய் தேய்த்துக் கொடுத்தார். அம்பலவாணர் போனைப் பார்த்தார். நெல்லிக்காய் கழிந்ததாக மெசேஜ் வரவில்லை. கொஞ்சம் நின்றும் பார்த்தார். வரவேயில்லை. பொதுக்காரியங்களில் நியாயம் பேசுகிறவர்தான், ஆனால் கையில் நாலு குழாய்த் தேன் இருந்தது. "ஆஃபர் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடையைக் கட்டினார்.

மூக்கையா கடையில் தேய்த்தால் மெசேஜே வராது என்ற சேதி அன்று மதியத்துக்குள் காடு முழுக்கப் பரவிவிட்டது. வரிசை ஓடை வரைக்கும் நீண்டது. நியாயஸ்தர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. "அண்ணாச்சி தேய்க்கிற மாதிரி வருமா?" என்று மட்டும் சொன்னார்கள். கொம்பையா கடை வாசலில் கொம்பையாவைத் தவிர யாருமில்லை. பானைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. மூக்கையாவுக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு யாவாரம் அவர் பார்த்ததே கிடையாது.

மாதம் முடிந்தது. மூக்கையாவும் பேச்சியும் மரத்தடியைச் சுத்தமாகக் கூட்டி, வீட்டிலிருந்த நாலு சாக்கையும் பிரித்து விரித்தார்கள். நெல்லிக்காய் விழுந்து தலையில் அடித்துவிடக் கூடாது என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். நான்கு இலை விழுந்தது. ஒரு சுள்ளி விழுந்தது. சுள்ளியைப் பேச்சி எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் தினகர் வந்தான். இந்தக் காட்டில் கார்டு வியாபாரம் ஏன் இறங்கிவிட்டது என்று விசாரிக்க மேலிடம் அனுப்பியிருந்தது.

"அண்ணாச்சி, உங்க மெஷின் எந்தக் கம்பெனி?"

"வேங்கை" என்றார் மூக்கையா.

தினகர் மரத்தைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான், தேய்ந்து பளபளத்த பட்டையைப் பார்த்தான். சிரிப்புத்தான் வந்தது, எதிரில் இருப்பவர் கரடி என்பதால் அடக்கிக்கொண்டான். பிறகு விளக்கினான். "மெஷின்ல தேய்ச்சாத்தான் அண்ணாச்சி கணக்கு. நூறு நெல்லிக்காய்க்கு நீங்க வித்தா, நாங்க உங்களுக்குத் தொண்ணூத்தெட்டு குடுப்போம். ரெண்டு எங்களுக்கு."

"அந்த ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு எங்க கூலி. இன்னொண்ணை வாங்கினவருக்கே பாயிண்ட்டாக் குடுத்துருவோம். பரிசு மாதிரி."

"அப்ப என் நெல்லிக்காயை என்கிட்டருந்து எடுத்து, என் வாடிக்கைக்கு நீங்க பரிசாக் குடுக்கிறீங்க. அதுக்கு அவரு உங்களைக் கும்பிடுதாரு."

"ஆமா."

"நான் நூறையும் நானே குடுத்துட்டேன் போல" என்றார் மூக்கையா மெதுவாக. "என்னை ஒருத்தரும் கும்பிடலையே."

தினகர் காதுக்குள் போகாத ப்ளூடூத்தைத் தலைகீழாகக் குலுக்கித் தேடினான். பேச்சி சுள்ளியைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு பானை. ஒரு நெல்லிக்காய் கிடையாது. இளவட்டங்கள் சும்மா ஏறித் தர மாட்டார்கள். மூக்கையா தன் இடது காலைப் பார்த்தார். அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. நாளைக் காலையில் அந்தப் பாறையடியில் நிற்க வேண்டும் என்பது தவிர வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

அதற்குள் வரிசை சேர்ந்துவிட்டது. முதலில் வழக்கம்போல அம்பலவாணர், துதிக்கையில் கார்டோடு.

"தேன் தீர்ந்துபோச்சுங்கய்யா" என்றார் மூக்கையா. தலை நிமிரவில்லை. ஏழு பானையும் கவிழ்த்து வைத்திருந்ததை அம்பலவாணரும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் கார்டைத் திருப்பிப் பார்த்தார்.

"தீர்ந்துபோச்சா? எல்லாருக்குமா, இல்ல இந்தக் கார்டுக்கு மட்டும் தீர்ந்துபோச்சா?"

மூக்கையா பானையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். அன்றுதான் அவர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கரடி விட்டார்.

"இந்தக் கார்டுக்குத்தாங்கய்யா."

"நெனச்சேன்! எனக்கு அப்பவே தெரியும். வேற எந்தக் கார்டு வேணும்?"

மூக்கையா பின்னால் கையை நீட்டி, உரிந்து தொங்கிய ஒரு துண்டு வேங்கைப் பட்டையைப் பிய்த்தார். "இது."

"இலவசமா?"

"வருஷத்துக்கு அம்பது நெல்லிக்காய்ங்கய்யா."

அம்பலவாணர் முகத்தில் மரியாதை வந்தது. "அப்ப விஷயமுள்ள கார்டுதான். சும்மா குடுக்கிறதெல்லாம் ஒரு கார்டா? என்ன சலுகை?"

"இந்த மரத்துல நீங்களே தேய்ச்சுக்கிடலாம்."

"நானேயா?"

"நீங்களே. கார்டு இல்லாதவங்க கிட்டயே வரக்கூடாது."

யானை பட்டையைப் பிடித்துக்கொண்டு மரத்தருகே போய் மெல்லத் தேய்த்தார். வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பொறாமை என்றால் அப்படியொரு பொறாமை. இதைவிட உசத்தியாக ஏதாவது உண்டா என்று மயில் கேட்டது. உள்பட்டை நூறு நெல்லிக்காய் என்றார் மூக்கையா, இப்போது தலை நிமிர்ந்திருந்தது. தொடாமல் தேய்க்கும் வசதி உண்டா என்றது முள்ளம்பன்றி. "தாராளமா. தூரத்துலயே நின்னுக்கிடுங்க." அதற்கு இருபது கூடுதல்.

மாலைக்குள் ஓலைப்பெட்டி நிரம்பி, நாலு சாக்கும் நிரம்பியது. மறுநாள் தினகர் தன் டையைக் கழற்றிவிட்டு, மூக்கையா கொடுத்த வேங்கை நார் டையைக் கட்டிக்கொண்டான். கொம்பையா என்ன செய்வான்? காடே பட்டைக் கார்டு வைத்திருக்கிறது. 'இங்கே மூக்கையா கார்டு ஏற்கப்படும்' என்று பலகை மாட்டினான். அவன் விற்பதில் நூற்றுக்கு இரண்டு பழைய கம்பெனிக்கு, நூற்றுக்கு நாலு மூக்கையாவுக்கு. உசத்தியான கார்டு இல்லையா, அதனால் நாலு.

"அதான் சாக்கு நிறைஞ்சு கெடக்கே" என்றாள் பேச்சி ஒருநாள். "பசங்களக் கூப்பிட்டு நாலு பானை தேன் வாங்கிப் போட்டுருவமா?"

"தேனா?" என்றார் மூக்கையா. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "அது எதுக்கு?"

அடுத்த மாதம் ஒரு காலை, செங்குத்துப் பாறையில் ஏதோ ஊர்வது தெரிந்தது. கொம்பையா. இரண்டும் நாலும் கொடுத்தது போக இளவட்டக் கரடிகளுக்குக் கூலி கொடுக்க அவனிடம் நெல்லிக்காய் மிஞ்சவில்லை, தானே ஏறிவிட்டான். பிடித்த கல் ஒன்று பெயர்ந்து விழுந்தது. மூக்கையாவுக்குச் சுருக்கென்றது. வளைந்த இடது காலைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பாவம், அவனும் குடும்பஸ்தன். பார்க்கப் பொறுக்காமல் தினகரைக் கூப்பிட்டார்.

"அவன்கிட்ட நம்ம கார்டு இருக்கா?"

"ஏத்துக்கிறான் அண்ணாச்சி, ஆனா வாங்கல."

"விழுந்தா வைத்தியச் செலவோட ஒரு கார்டு போடு. வருஷத்துக்கு அறுபது நெல்லிக்காய்" என்றார் மூக்கையா. "அவன் மேல இருக்கும்போதே போய்க் கேளு. எறங்கிட்டான்னா வாங்க மாட்டான்."

நீதி: கடையில் சரக்கு இருக்கும்வரை அடுத்தவர் கார்டைத் தேய்க்கவும். சரக்கு தீர்ந்துவிட்டால் மனம் தளராமல் சொந்தக் கார்டு போடவும்.