மண்டபச் சுவரில் கொழுத்த பூனை

அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள்: அம்மா, அப்பா, பட்டுச்சேலையில் வியர்த்துக்கொண்டிருந்த மாலா அக்கா, கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காத ஐயர், எங்கள் சொந்தபந்தங்கள், அவர்கள் பெற்றெடுத்த வானரப்படை, நான். இல்லாதவர்கள்: மாப்பிள்ளை வீட்டார். லாபிஸிலிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டார்களாம். யோங் பெங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லாரி கவிழ்ந்து, சாலையெங்கும் பழம் உருண்டுகிடக்கிறதாம். இன்னொன்றும் அன்று மண்டபத்தில் இல்லை. என் புத்தி. (அது இன்றுவரை முழுதாக வந்து சேரவில்லை என்பது அக்காவின் கருத்து.)

அது அக்காவின் நிச்சயதார்த்தம். அக்காவும் குமரன் மாமாவும் மூன்று வருடமாக ஒருவரையொருவர் விரும்பினார்கள். அந்த மூன்று வருடமும் மாமாவின் அம்மா ராஜேஸ்வரி ஆன்ட்டி சம்மதிக்கவில்லை, இப்போதுதான் ஒருவழியாக இறங்கி வந்திருந்தார். லாபிஸில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக் கடை வைத்திருப்பவர். சகுனம் என்றால் அவருக்கு உயிர். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பி, பூனை குறுக்கே போனது என்று பாதி வழியில் காரைத் திருப்பியவர். அந்தப் பெண்ணை அவர் கடைசிவரை பார்க்கவேயில்லை.

அதனால் அம்மா அன்று விடிந்ததும் செய்த முதல் வேலை, பக்கத்து வீட்டுப் பூனையைக் கூடையில் போட்டு மூடி, மேலே அம்மிக்குழவியை வைத்தது. (காற்றுக்கு ஓட்டை இருந்தது. அம்மா நல்லவர்.)

“இன்னிக்கி மட்டும் தட்டு மாறலைன்னா அந்தம்மா மறுபடி நம்ம வாசல மிதிக்காது. தெரியுதா?” என்றார் என்னைப் பார்த்து. எல்லாரையும் விட்டுவிட்டு என்னை ஏன் பார்த்தார் என்று அப்போது எனக்கு வருத்தம்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். செம்பனை லாரி ஓட்டும் அப்பா, எண்ணெய் நிலையத்தில் எண்ணெய் ஊற்ற வருகிறவரிடம்கூட “இது எங்கூட்டுப் பட்டதாரி” என்று அறிமுகம் செய்வார். என்ன படித்தேன் என்று அவர் திருப்பிக் கேட்டால் மட்டும் அப்பா உடனே டயரைக் குனிந்து பார்ப்பார். ஏனென்றால் நான் இறுதியாண்டில் எழுதிய ஆய்வேடு ஜப்பானிய அனிமே பற்றியது. அனிமே எப்படிச் சமூகச் சிக்கல்களைப் பேசுகிறது, வரலாற்றை எப்படிக் கையாளுகிறது, சிரிப்பிலிருந்து அழுகைக்கு எப்படிச் சட்டென்று மாறுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்.

“பொம்மப் படம் பாக்கவாடா உன்ன அனுப்பினேன்?”

“பொம்மப் படம் இல்லப்பா. அதுல வறுமை இருக்கு, போர் இருக்கு, மனுசன மனுசன் ஒதுக்கிவெக்கிறது இருக்கு. சிரிக்கவெச்சிக்கிட்டே இருக்கும், திடீர்னு அழவெச்சிரும்.”

“அதுக்கு உங்கம்மாவே போதும் லா.”

ஆக, அப்பாவுக்கு நிரூபித்துக் காட்ட ஒரு மேடை தேடிக்கொண்டிருந்தேன். அக்காவின் நிச்சயதார்த்தத்தில் அது கிடைத்தது.

அக்காவின் சின்ன வயதுப் படங்களைச் சுவரில் காட்டுவதற்காக நண்பனிடம் படவீழ்த்தி (புரொஜெக்டர்) ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமாகும் என்று தெரிந்ததும் வானரப்படை நாற்காலிகளை வரிசையாகச் சாய்த்து ரயில் விட ஆரம்பித்தது. அம்மா ஓடி வந்தார்.

“தம்பி, இதுங்கள உக்கார வைடா. எதாச்சும் பொம்மப் படம் போடு.”

கவனியுங்கள். அம்மா ‘எதாச்சும்’ என்றுதான் சொன்னார். என் மடிக்கணினியில் எலி பூனை துரத்தும் படங்கள் இல்லாமல் இல்லை. நான் தேர்ந்தெடுத்ததோ ஆய்வேட்டுக்காகப் பலமுறை பார்த்த தொடர். போர்க்காலத்து ஜப்பானில் ஒரு சின்ன ஊர். சோயாப் பாலில் தவ்ஹு கட்டி செய்து விற்கும் ஒருவர், அவர் மனைவி, மகள் ஹானா, தவ்ஹு திருடித் தின்றே உருண்டையாகிப்போன ஒரு பூனை. முதல் சில பாகங்கள் முழுக்க அந்தப் பூனையின் அட்டகாசம்தான்.

பூனைக்குப் பயந்து பக்கத்து வீட்டுப் பூனையைக் கூடையில் அடைத்திருக்கிறார்கள். நான் மண்டபச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பூனையை ஓடவிட்டேன்.

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவர்களும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நலங்குப் பாட்டுக்காக வைத்திருந்த மைக்கை எடுத்தேன். “இங்கே நாம் கவனிக்கவேண்டியது...” என்று ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டார் ஹானாவுக்கு அரிசி தர மறுக்கும்போது ஒதுக்கிவைத்தல் பற்றிப் பேசினேன். அப்பா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் பெருமை தெரிந்தது என்று நினைத்தேன். (பசி என்று பிறகு தெரிந்தது.)

லாரியைத் தூக்கப் பளுதூக்கி வரவில்லையாம். பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. தவ்ஹுக்காரரைப் பட்டாளத்துக்கு இழுத்துப்போனார்கள். சிரிப்பு குறைந்தது. ஹானாவின் அம்மா காய்ச்சலில் படுத்தார். எங்கள் பெரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். நான் எழுதியது அத்தனையும் கண்முன் நடக்கிறது. அந்தப் பூரிப்பில், அடுத்த காட்சி என்ன என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஹானாவின் அம்மா இறந்தார். எரித்தார்கள்.

சரியாக அப்போது வாசலில் யாரோ, “மாப்பிள்ளை வீடு வந்தாச்சு” என்றார்.

மடிக்கணினி மண்டபத்தின் அந்தக் கோடியில். நான் சுவர்ப்பக்கம். பிள்ளைகளைத் தாண்டி, ஒரு மாமாவின் காலை மிதித்து, பாய்ந்து போய்ப் பொத்தானை அழுத்தினேன். படம் ஓடுவது நின்றது. நின்றது என்றால், மறையவில்லை. அப்படியே உறைந்து நின்றது. சுவர் முழுக்க, சாம்பலுக்கு நடுவே வெள்ளை எலும்புகள். சுற்றிக் குடும்பத்தார். எல்லார் கையிலும் நீளக் குச்சிகள். மூலையில் பூனை.

மறைக்கலாம் என்று ஓடிப்போய் ஒளிக்கு நடுவே நின்றேன். எலும்புகள் என் வெள்ளைச் சட்டைமேல் விழுந்தன.

ராஜேஸ்வரி ஆன்ட்டி கையில் முதல் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டார். பின்னால் பெண்கள் வரிசையாகத் தட்டோடு. தேங்காய், பழம், பூ, சேலை.

“இது என்னா?” என்றார்.

அப்பா முந்திக்கொண்டார். லாரி ஓட்டுகிறவர், சாலையில் போலீஸ் நிறுத்தினால் பதில் நாக்கு நுனியில் இருக்கும். “சாப்புடுறாங்க சம்பந்தி. சப்பான்காரங்க குச்சியிலதானே சாப்புடுவாங்க. கல்யாணச் சாப்பாடு.”

எவ்வளவு அழகான பதில். எங்கள் பக்கத்து ஆட்கள் மொத்தமும் “ஆமா ஆமா, சாப்பாடு” என்று தலையாட்டியது. ஆன்ட்டியின் முகம் கொஞ்சம் இளகி, வலது கால் படியைத் தாண்டக்கூடத் தூக்கியாயிற்று. அங்கேயே நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஆனால் நான் படித்தவன் அல்லவா? தவறான தகவல் ஒன்று சபையில் உலவலாமா?

“இல்லப்பா, எலும்பு பொறுக்குறாங்க,” என்றேன். “எரிச்சப்பறம் குடும்பமே சேந்து குச்சியால எடுத்துப் பானையில போடுவாங்க. அந்த நாட்டு வழக்கம் ஆன்ட்டி. கால் எலும்புல ஆரம்பிச்சு...”

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. ‘கால் எலும்பு’ மண்டபம் முழுக்க எதிரொலித்துவிட்டு மெல்ல அடங்கியது.

“அலமாக், ஐயோ,” என்றார் யாரோ. ஆன்ட்டி தூக்கிய கால் படிக்கு வெளியே இறங்கியது. அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார், அது சாய்த்துப்போட்ட ரயில் நாற்காலி என்பதால் தரைவரை போனார். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு எனக்குத் தனியாக எலும்பு பொறுக்கவேண்டிய அவசியம் இருந்திருக்காது, சாம்பல்தான் மிச்சம். குமரன் மாமா தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

“மணி பதினொண்ணேகால். பன்னெண்டுக்கு எமகண்டம்,” என்றார் ஐயர், யாரும் கேட்காமலே.

நான் மடிக்கணினியை மூடப் போனேன்.

“மூடாத.” ஆன்ட்டியின் குரல். “எழவு வீட்டுல வந்து நின்னாச்சு. இதுலயே மூடினா இதுலயேதான் நிக்கும். இந்தக் கதையில நல்லது எதாச்சும் வருமா வராதா?”

“வரும் ஆன்ட்டி. கடைசியில அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆவும்.”

“அப்ப அங்க கொண்டுபோ. அதப் பாத்துட்டுத்தான் காலெடுத்து வெப்பேன்.”

தள்ளி ஓட்டினேன். அரிசிக்கு வரிசை. இன்னும் தள்ளினேன். எரிந்த தெரு. இன்னும். செருப்பில்லாத பிள்ளைகள். என் ஆய்வேட்டின் ஒவ்வோர் அத்தியாயமும் முறை வைத்து வந்து என் மானத்தை வாங்கியது. “இவன் நல்லதே எடுக்கமாட்டானா?” என்றது வாசலில் நின்ற ஒரு தட்டு. இன்னொரு தள்ளு. ஒரு கடிதம் வந்தது, பட்டாளத்திலிருந்து அப்பாக்காரர் மகளுக்கு எழுதியது. அதில் கைப்பட வரைந்த படம். வரிசை வரிசையாக மரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம்.

“நிப்பாட்டு,” என்றார் ஆன்ட்டி. “அது கித்தா மரந்தானே?”

“ஆமா ஆன்ட்டி. அவரு பட்டாளத்துல மலாயாவுக்கு வந்திருக்காரு. இங்கேருந்து மகளுக்கு வரைஞ்சு அனுப்புறாரு.”

மண்டபத்தில் பாதிப்பேர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஆன்ட்டி படியைத் தாண்டி உள்ளே வந்தார், நேராக முதல் வரிசையில் உட்கார்ந்தார், தட்டைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். (மடி தரை ஆகாது. அவர் சொன்னால் சரிதான்.) பின்னால் வந்த பெண்களும் அப்படியே தட்டும் மடியுமாக உட்கார்ந்தார்கள்.

“எங்கப்பாவோட அப்பாவ இவன மாதிரி ஒருத்தன்தான் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூட்டிக்கிட்டுப் போனான். அதக் காட்டுவானா?”

“இல்ல ஆன்ட்டி. அதக் காட்டல.”

“ஏன்?”

ஆய்வேட்டில் வரலாறு பற்றிய அத்தியாயத்துக்குத்தான் எனக்கு நல்ல மதிப்பெண். அந்தக் கேள்வி அதில் இல்லை. “தெரியல ஆன்ட்டி,” என்றேன். மைக்கை எப்போது கீழே வைத்தேன் என்று நினைவில்லை.

“கித்தா மரத்த மட்டும் அழகா வரையத் தெரியுது,” என்றார். “சரி, ஓட்டு. குதிக்காம ஓட்டு.”

குதிக்காமல் ஓட்டினேன். ஐயர் தொண்டையைச் செருமினார். ஆன்ட்டி திரும்பிப் பார்த்தார். ஐயர் அதன்பிறகு செருமவில்லை. போர் முடிந்தது. ஒரு மாலையில் ஹானாவின் அப்பா மெலிந்துபோய்த் தெருமுனையில் வந்து நின்றார். மகள் ஓடினாள். அவர் எங்கே போனார், என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. தவ்ஹு பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“இவன் வந்துட்டான்,” என்றார் ஆன்ட்டி. “எங்க தாத்தா வரல.”

அம்மா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மடித்தட்டு சரியாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஆன்ட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தார், மூக்கைத் துடைத்தார், நிமிர்ந்தார்.

“சரி, பூனை என்னாச்சு?”

பூனைக்காகக் காரைத் திருப்பியவர் கேட்கிறார். முதலில் சிரித்தது அக்காதான். அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் மண்டபமே சிரித்தது. தொனி மாற்றம் என்பதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன்.

பூனை பிழைத்திருந்தது. ஹானாவின் கல்யாணத்தில், வற்றிப்போன உடம்போடு வந்து, மணமக்களுக்கு வைத்த தவ்ஹுவைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஊரே கைதட்டியது. ஆன்ட்டி திருப்தியாக எழுந்து, “ம், இப்ப தட்ட மாத்தலாம்” என்றார்.

“பன்னெண்டு தாண்டிருச்சு,” என்றார் ஐயர், செத்த குரலில். “எமகண்டம்.”

“நான்தானே படத்தப் பாத்தேன். நானே காத்திருக்கேன்,” என்றார் ஆன்ட்டி. தட்டு மாறாமல் பந்தி கிடையாது என்பதால் இரு வீட்டாரும் வாழை இலையை வெறித்தபடி, எமகண்டம் முடியும் ஒன்றரை மணி தாண்டும்வரை உட்கார்ந்திருந்தோம். ஐயர் காஹாங்கில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு ஓடினார், அவரைத் திரும்பக் கூட்டிவர வண்டி போனது. மண்டபத்துக்காரர் ஒரு மணிக்கே சாவியோடு வந்து நின்றார். ஐஸ்கிரீம் பாயசமாயிற்று. அன்றைக்குத் தட்டு மாறியது.

அக்கா கல்யாணமாகி லாபிஸில் இருக்கிறாள். ஆன்ட்டி எனக்கு இப்போது அத்தை. வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், கடன், சண்டை, காய்ச்சல் எதுவானாலும், எங்களில் ஒருவர் “சரி, பூனை என்னாச்சு?” என்பார். அத்தை மாதாமாதம் போன் செய்வார். “தம்பி, புதுசா என்னா படம் பாக்கலாம்? அழுவுறது எங்க வருதுன்னு மொதல்லயே சொல்லிரு, கடையில ஆளுங்க நிக்குறாங்க.” சயாம் ரயில் பற்றி எவனாவது படம் எடுத்துவிட்டானா என்றும் தவறாமல் கேட்பார்.

அப்பாவும் மாறிவிட்டார். நான் படித்தது என்ன என்று யாராவது கேட்டால் இப்போது டயரைப் பார்ப்பதில்லை. “பொம்மப் படம்” என்று நிமிர்ந்தே சொல்கிறார். படிப்புக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால் கல்விக் கடன் எத்தனை வெள்ளி என்று சொல்லிவிட்டு, மண்டபத்தின் கூடுதல் வாடகை, ஐயருக்குப் போன வண்டி, உருகிய ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் மனத்துக்குள் கூட்டிக்கொண்டு முடிப்பார்:

“அதுக்கு மேல ஒரு நானூத்தி எம்பது வெள்ளி.”