வடக்குச் சுவரில் சொன்னது எந்தப் பல்லி?

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்.

நித்யசுபம் பஞ்சாங்கத்தின் ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, நெடுநாள் வாசகன் ராமசுப்ரமணியன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் ரத்த அழுத்தமும் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் அச்சகமும் அவ்விதமே இருக்கப் பத்மநாபனைப் பிரார்த்திக்கிறேன்.

நிற்க. பல்லி சொல்லுக்குப் பலன் என்று திக்குக்கும் கிழமைக்கும் கட்டம் கட்டி ஒரு பக்கம் போட்டிருக்கிறீர்கள். மிகவும் நல்லது. ஆனால் எந்தப் பல்லி என்று எங்கேயாவது ஒரு வரி உண்டா? அந்த ஒரு வரி இல்லாததால் நான் படும் பாட்டைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

என் மனைவி அனந்தலக்ஷ்மி போன ஐப்பசியில் காலமானாள். அதுவரை வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்தவள் அவள்தான் என்பதால், எனக்கு முடிவெடுக்கும் பழக்கமே கிடையாது. காரியம் முடிந்து வந்தவர்களெல்லாம் ஊருக்குப் போன பிறகு, பூஜை அறையில் உட்கார்ந்து தண்ணீர்த் தொட்டியை ஓட்டுக் கூரைமேல் ஏற்றலாமா என்று வாய்விட்டு யோசித்தேன். வடக்குச் சுவரில் பல்லி சொல்லிற்று. தரையில் விரலால் தட்டி "கிருஷ்ணா கிருஷ்ணா" என்றேன். தங்கள் கட்டத்தில் வடக்குக்கு நேரே எந்தக் கிழமையானாலும் லாபம் என்று இருந்தது; ஏற்றினேன்; தொட்டி கூரையைப் பிளந்துகொண்டு சமையலறையில் இறங்கிற்று. அடுத்து, கல்யாணத்துக்குப் போக இந்த வயதில் தலைக்குச் சாயம் பூசலாமா என்றேன்; வடக்கு, லாபம்; முகம் பூசணிக்காயாக வீங்கி, கல்யாண வீட்டில் என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிறகு, திரும்பி வர பஸ் உண்டா என்று விசாரிக்காமல் பொன்முடிக்குப் போகலாமா என்றேன், அதற்கும் லாபம்தான். அந்த லாபத்தில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு, பனியில் நடுங்கிக்கொண்டு படுத்தேன். அப்போதும் பஞ்சாங்கத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போகவில்லை.

என் ஒரே பெண் மாளவிகா பல்லிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். பெற்றவனுக்கு வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் அதற்குச் சம்பளம் தருகிறார்கள். புனேயில் அவளுக்கு வேலை கிடைத்து, என்னையும் அழைத்துப் போக வந்தாள். "சரிம்மா, வரேன். ஆனா இப்பவே இல்லை, எல்லாம் நிதானமா அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். வடக்குச் சுவர் சொல்லிற்று. நான் தரையைத் தட்டி, "பாத்தியா, லாபம்" என்றேன். அவள் சிரித்தாள். "எந்தப் பல்லிப்பா? நம்ம ஆத்துலயே ரெண்டு இனம் இருக்கு, தெரியுமோ?" என்றாள்.

ஒரே பேரில் கிடந்த பல்லிகளை இப்போது பல இனங்களாகப் பிரித்துவிட்டார்களாம். நிறம் அதேதான், அளவும் அதேதான். விரலுக்கு அடியில் உள்ள மடிப்பைப் பார்க்க வேண்டும், முதுகில் உள்ள புடைப்பைப் பார்க்க வேண்டும், அதிலும் தெரியாவிட்டால் குரலைக் கேட்க வேண்டும். அதற்காகப் பூஜை அறையில் ஒரு கருவியை வைத்தாள். பதிவான குரல்களைக் கம்ப்யூட்டரில் கோடுகளாகப் பிரித்தபோது இரண்டு இனமும் ஒழுங்காக வந்தன. கூடவே வடக்குச் சுவர்ப் பக்கத்திலிருந்து மூன்றாவதாக ஒன்று வந்தது. இரண்டு தரம் சொல்லி, சற்று நிறுத்தி, இன்னொரு தரம். வீட்டில் யாரும் பேசாதபோது அது வரவேயில்லை. நான் ஏதாவது சொன்ன பிறகுதான் வந்தது.

மாளவிகாவுக்குத் தலைகால் புரியவில்லை. "புது இனமா இருக்கும்பா!" என்று ஏணி போட்டாள், சாமி படங்களை எல்லாம் இறக்கினாள், சுவரை அங்குலம் அங்குலமாகத் தேடினாள். வடக்குச் சுவரில் பல்லி இல்லை. ஒரு எச்சம்கூட இல்லை. விளக்கேற்றும் நேரத்தில் மற்றப் பல்லிகள் அந்தச் சுவரின் ஓரம்வரை ஓடி வந்து, நின்று, திரும்பிப் போயின. அதைப் பார்த்துவிட்டு அவளும் ஏணியை விட்டு இறங்கினாள்.

மறுநாள் அந்தக் குரலை அவள் உரக்கப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பத்மப்ரியா தோசை மாவோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "மாமி சத்தத்தை எப்போ ரெக்கார்ட் பண்ணினேள்? மாமா அசட்டுத்தனமா ஏதாவது பறஞ்சா மாமி உச்சு கொட்டறதன்னோ இது!"

மாளவிகா கம்ப்யூட்டரை மூடினாள். இரண்டு உச்சு எனக்காக, கொஞ்சம் பொறுத்து மூன்றாவது தன் தலைவிதிக்காக; கல்யாணமான நாள் முதல் கேட்டது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? ஒரு வருஷமாக அவள் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், நான் தரையைத் தட்டி கிருஷ்ணா கிருஷ்ணா என்று அதை ஆசீர்வாதமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே ஐயா, பல்லி என்றால் லாபம். அனந்தம் என்றால் அசடே, செய்யாதே. புனே போகாதே என்றுதான் அவள் சொல்கிறாள் என்று நான் தீர்மானித்துவிட்டேன். அவள் இங்கே இருக்கும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் எப்படிப் போவேன்? அவளைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. மாளவிகா புதன்கிழமை அழுதுகொண்டே தனியாகப் புறப்பட்டுப் போனாள். அதிலிருந்து வடக்குச் சுவர் சத்தமில்லாமல் இருப்பதால், அனந்தத்துக்குத் திருப்தி என்று எடுத்துக்கொள்கிறேன். அடுத்த வருஷப் பஞ்சாங்கத்தில் எந்தப் பல்லி என்று அறிய ஒரு கட்டமும், பல்லியே அல்லாதவற்றுக்கு ஒரு கட்டமும் அவசியம் சேர்க்கவும்.

தங்கள் குடும்பத்தில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு என் ஆசி. அச்சுக் கோப்பவர்களுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
ஸ்ரீவராகத்தை விட்டு நகராத,
ராமசுப்ரமணியன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் வடக்குச் சுவருக்கு ஒரு தரம் படித்துக் காட்டினேன். பதில் இல்லை. மாளவிகாவைப் போனில் கூப்பிட்டு, "நான் வரலைம்மா, இங்கேயே இருந்துக்கறேன்" என்றேன். போனில் இரண்டு உச்சு கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"நீயாம்மா?" என்றேன்.

"நான் இல்லைப்பா. உங்க பக்கத்துலேந்துன்னு நெனச்சேன்... அப்பா, இங்க என் ரூம்லதான் கேட்டுது."

அன்று நான் வரேன் என்றதற்கு அனந்தம் உச்சு கொட்டவில்லை, அப்புறம் என்றதற்குத்தான் கொட்டியிருக்கிறாள். எனக்காகக் காத்திராமல் பெண்ணோடு புறப்பட்டும் போய்விட்டாள். கட்டம் எதுவும் சேர்க்க வேண்டாம். இனிமேல் பஞ்சாங்கத்தைப் பின்பக்கம் எழுதியுள்ள புனே விலாசத்துக்கு அனுப்பவும்.