மயக்கக்காரம்மா

சேலம் ஜில்லாவில் மயக்கக்காரம்மாவைப் போல மயங்கி விழத் தெரிந்தவர் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்தவர்களையெல்லாம் நான் எண்ணிப் பார்க்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. நாமக்கல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. பிள்ளை பெற்றவர்களுக்கான வார்டில் பன்னிரண்டு கட்டில்கள், எண்ணினேன். ஒன்றில் என் மனைவி, தலைப்பிரசவம். தாய்ப்பால் போதாமல் குழந்தை ஓயாது அழுதது. இவளுக்கோ தாங்க முடியாத தாகம். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று என் மாமியார் இரண்டு மடக்கு வெந்நீர்தான் தருவார். பால் ஊற நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன்.

"அந்தம்மாவா வந்து கொழந்தைக்கு மூக்குச் சிந்தப் போறாங்க, மாப்பிள்ளை?"

நான் சன்னலுக்கு வெளியே போய் நின்று கவலைப்படத் தொடங்கினேன்.

பக்கத்துக் கட்டிலில் புதுச்சத்திரத்து அம்மா ஒருவர். நான்காவது பிரசவம். திடீரென்று, "ஏனுங்கம்மா, கண்ணு இருட்டுதுங்க... நர்சம்மாவக் கூப்புடுங்க..." என்று சரிந்தார். மாமியார் பதறி ஓடினார். அவர் தலை மறைந்ததும் மயக்கம் எழுந்து உட்கார்ந்து, தன் சொம்பை என் மனைவியிடம் நீட்டியது.

"குடி கண்ணு, வெரசா!"

நர்ஸ் வந்தபோது மறுபடி கண் சொருகியிருந்தது.

அதன்பின் வேளைக்கொரு மயக்கம். ஒருமுறை வாயில் இட்லியோடு விழுந்து, மயக்கத்திலேயே மென்று முடித்தார். வீட்டுக்கு அனுப்ப வேண்டியவரை டாக்டரம்மா பயந்துபோய் மேலும் இரண்டு நாள் நிறுத்திவைத்தார்.

"நல்லதாப் போச்சுங்க சார்," என்றார் மயக்கக்காரம்மா என்னிடம். "ஊட்டுல ஆறு எருமைங்க. இங்கதான் நான் படுத்தா யாரும் எழுப்பறதில்லீங்க."

மறுநாள் குழந்தை வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது. மாமியார் சன்னலோரம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பால் வந்துருச்சுங்க மாப்பிள்ளை. அந்த மயக்கக்காரப் புள்ளையக் கொஞ்சம் பெரிய சொம்பா வெச்சுக்கச் சொல்லுங்க. நானும் மெதுவாவே போயிட்டு வாரேன்."

மயக்கக்காரம்மா ஊருக்குக் கிளம்பும் நாள். மூட்டை கட்டியாயிற்று. மாமியார் அவருடைய குழந்தையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

"வண்டி வர்ற வரைக்கும் செத்த கண்ண மூடு சாமி. நான் பாத்துக்கறேன்."

அன்றுதான் அந்த அம்மா நிஜமாகவே கண்ணை மூடினார். லேசாகக் குறட்டைகூட வந்தது.

வண்டி வந்தது. நாங்கள் யாரும் எழுப்பவில்லை.